கோழித்தூக்கமும் அடித்துப்போட்ட தூக்கமும்

அலமாரியின் மேல்தட்டிலிருந்து அதை இறக்கினேன். அம்மாவின் பழைய நூல்புடவை ஒன்றைக் கிழித்துச் சுற்றி, பாவாடை நாடாவால் கட்டி வைத்திருந்த லேப்டாப். எடையில் அம்மிக்கல்லுக்குத் தம்பி. கூடத்து மேசையில் வைத்து நாடாவை அவிழ்த்தேன். ஒரு பக்கம் அக்கா, மறுபக்கம் அக்காவின் மகள். இருவரும் பிரான்சிலிருந்து வந்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. அம்மா போய்ச் சேர்ந்தபோது அக்காவால் வர முடியவில்லை. அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். இப்போதுதான் வந்திருக்கிறாள். "ஏன் சித்தி, இத்தினி வருஷமா இத தொறக்கவே இல்ல?" என்று கேட்டாள் மகள். "தொறந்தா ஒரே ஒரு தடவதான்டி தெரியும். அப்புறம் போயிடும்" என்றேன். அவளுக்குப் புரியவில்லை. புரியவைக்க வேண்டுமென்றால் லேப்டாப்புக்கு இரண்டு வகைத் தூக்கம் உண்டு என்பதிலிருந்து தொடங்க வேண்டும். அதற்கும் முன்னால் அக்காவிடமிருந்து.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அக்காவுக்குக் காது போயிற்று. பேச்சும் வரவில்லை. பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த கைமொழி கொஞ்சம், அம்மாவாகவே கண்டுபிடித்த கைமொழி நிறைய என்று இரண்டையும் கலந்துதான் எங்கள் வீட்டில் பேசிக்கொள்வோம். மழைக்குப் பள்ளிக்கூடத்தில் விரல்களை ஆட்டச் சொல்வார்கள். அம்மாவோ முந்தானையைத் தலைமேல் இழுத்துக்கொள்வாள். எதிர்வீட்டு அம்மாளைக் குறிக்க மூக்கைச் சுளிப்பாள், அந்த அம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாலும்கூட. மெயின் சுவிட்சுக்கு ஒரு கையைத் தலைக்கு மேலே தூக்கி முஷ்டி பிடிப்பாள். எங்கள் வாசல் மீட்டர்ப்பெட்டி அவ்வளவு உயரத்தில் இருந்தது. முஷ்டியைக் கீழே இழுத்தால் மெயினை அணைத்தாயிற்று என்று அர்த்தம். மேலேயே நிறுத்தினால் கரண்ட்டு ஓடுகிறது. அக்காவின் முதல் பாஷை அம்மாவின் கைதான். எழுத்து தெரியும், ஆனால் எழுதினால் வாக்கியங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும். அவள் மனதில் இருப்பது கைக்கு வரும், காகிதத்துக்கு வராது.

மெயின் சுவிட்சுக்கு ஒரு தனிச் சைகை ஏன் தேவைப்பட்டது என்றால், அது அம்மாவின் அன்றாடச் சடங்கு. அப்பா இருந்த காலத்தில் நாங்கள் அரியாங்குப்பத்தில் ஒரு கீற்று வீட்டில் குடியிருந்தோம். எல்லோரும் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது ஒயர் உருகிப் பூட்டிய வீடு எரிந்தது. திரும்பி வந்தபோது சுவர் மட்டும் நின்றது. அதிலிருந்து அம்மாவுக்கு ஒரே சட்டம்: "பூட்டுன வீட்ல கரண்ட்டு ஓடக்கூடாது." அப்பா போனபிறகு டவுனுக்குள் இந்த ஓட்டு வீட்டுக்கு வந்தோம். இங்கேயும் அவள் வெளியே கிளம்பினால் முதலில் மெயினை இறக்குவாள், பிறகு பூட்டுவாள், பிறகு பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனைக் கடைக்குப் போனாலும் இதே வரிசைதான்.

அக்கா ரவிக்கை தைப்பதில் கெட்டிக்காரி. இரண்டு தெரு தள்ளி ஒரு சின்னக் கடை பிடித்திருந்தோம். மெஷினில் அக்கா, அவளுக்குக் காதாக வாசலில் அம்மா. வருகிறவர்கள் அம்மாவிடம் சொல்வார்கள், அம்மா கையால் அக்காவிடம் சொல்வாள். அந்தக் கடைக்குத் தங்கையின் ரவிக்கைத் துணியைக் கொண்டுவந்தவர்தான் பிற்பாடு எனக்கு மாமா ஆனார். ஒரு துணிக்கு எத்தனை தடவை அளவு சொல்ல வரவேண்டும்? மனிதர் வந்துகொண்டே இருந்தார். அம்மாவின் கையைப் பார்த்துப் பார்த்தே கைப்பேச்சையும் பிடித்துக்கொண்டார். அவருடைய அப்பா சொல்தா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர்களை எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்வோம். மகனுக்கும் பிரெஞ்சு குடியுரிமை இருந்தது. அப்படிப்பட்ட இடம் காது கேட்காத பெண்ணைத் தேடி வந்ததில் சொந்தக்காரர்களுக்கு வயிற்றெரிச்சல். கல்யாணம் முடிந்து, அவர் வேலைக்காகப் பாரிஸ் பக்கம் போய், அக்காவின் விசா இழுத்துக்கொண்டே போனபோது, அதே சொந்தக்காரர்கள் வாசலில் வந்து உட்கார்ந்து வருத்தப்பட ஆரம்பித்தார்கள். "பிரான்சுக்குப் போனவன் இன்னாத்துக்குத் திரும்பிப் பாக்கப்போறான்? ஒரு போன் போட்டாவது பேசலாம், இவளுக்கு அதுவும் இல்ல" என்று என் பெரியம்மா அக்காவின் எதிரிலேயே சொன்னாள், அவளுக்குக் கேட்காது என்ற தைரியத்தில். வாயசைவைப் படிக்க அக்காவுக்குத் தெரியும் என்பது பெரியம்மாவுக்குத் தெரியாது.

போனில் பேச முடியாதவளுக்காகத்தான் மாமா அந்த லேப்டாப்பை அனுப்பினார். அங்கே யாரோ பயன்படுத்தி விற்றது. ஊருக்கு வந்த ஒருவர் துணிகளுக்கு நடுவில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார். எழுத்துப் பலகை பிரெஞ்சுக்காரர்களுடையது. A இருக்கவேண்டிய இடத்தில் Q உட்கார்ந்திருக்கும். மூடியின் நெற்றியில் ஒரு கேமராவை மாட்டி, இன்டர்நெட் இணைப்பும் வாங்கினோம். முதல்நாள் மாமாவின் முகம் தெரிந்தபோது அக்கா திரையைத் தொட்டுப் பார்த்தாள்.

மாமாவுக்கு ஒரு கிடங்கில் வேலை. மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். அந்த அரை மணிக்குள் தெருவைக் கடந்து ஒரு இன்டர்நெட் கடைக்கு ஓடி, பேசிவிட்டு, திரும்பி ஓட வேண்டும். எங்களுக்கு அப்போது மூன்றரை மணி. அங்கே குளிர்காலம் வந்தால் நாலரை. வருஷத்தில் இரண்டு தடவை கடிகாரத்தையே திருப்பி வைப்பார்கள் என்று நான் விளக்கியபோது அம்மா கேட்டாள்: "நேரத்தையே இஷ்டத்துக்கு மாத்துறவன், மாப்பிள்ளைக்கு இன்னும் ஒரு அரை மணி சேத்துக் குடுக்க மாட்டானா?"

கஷ்டம் என்னவென்றால், அந்த லேப்டாப் கண் விழிப்பதற்குள் உலை கொதித்துவிடும். பொத்தானை அழுத்தினால் முனகும், கறுக்கும், வெளுக்கும், வைரஸ் இருக்கிறதா என்று தன் உடம்பைத் தானே தடவிப் பார்த்துக்கொள்ளும். கடை வேலையை விட்டு முன்கூட்டியே வர முடியாது; அந்த நேரத்துக்குத்தான் அம்மாவோடு ஓடிவந்து அதைத் திறந்து அக்கா உட்காருவாள். அது எழுந்து, இணைப்பு கிடைத்து, மாமாவின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி வரும்போது அவர் எழுந்து போக வேண்டிய நேரமாகிவிடும். சில நாள் ஒரு "சாப்டியா?" மட்டும். சில நாள் அதுவும் இல்லை.

நான் அப்போது உழவர்கரைப் பக்கம் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் வேலையில் இருந்தேன். சாயங்காலம் ஆறு மணிக்குமேல்தான் வீட்டுக்கு வருவேன். அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்க வந்தவர்தான் சொன்னார்: "எதுக்கு முழுசா அணைக்கிறீங்க? தூங்க வைங்க. கரண்ட்ட மிச்சம் பிடிக்கத்தான் அந்த வசதி. ஆனா நிமிஷத்துல எழுந்துரும்." வீட்டுக்கு வந்து தேடினால் எல்லாம் பிரெஞ்சில் இருந்தது. மாமாவின் அப்பாவை அழைத்துவந்து படிக்கச் சொன்னோம். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, ராணுவ உத்தரவு படிக்கிற குரலில் படித்தார். "இது அணைக்கிறது. இது தூங்கவெக்கிறது. இது ரொம்ப நேரம் தூங்கவெக்கிறது. வுவாலா, அவ்ளோதான்!" என்று மீசையைத் தடவினார். இரண்டு தூக்கத்துக்கும் என்ன வித்தியாசம் என்று அவருக்கும் தெரியவில்லை. சீக்கிரம் எழுவதுதானே வேண்டும் என்று நான் முதல் தூக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன். மூடியைத் திறந்த உடனே மினுக்கென்று விழித்தது. அக்கா கைதட்டினாள்.

மறுநாள் சாயங்காலம் வந்தால் அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மூன்றரைக்குத் திறந்தபோது லேப்டாப் செத்துக் கிடந்ததாம். பழையபடி முதலிலிருந்து முனகி எழுந்திருக்கிறது. அடுத்த நாளும் அப்படித்தான். இரவில் நான் சோதித்தால் ஒழுங்காக எழும். ஞாயிற்றுக்கிழமை எழும். பந்த் நடந்த ஒரு நாள் கடை திறக்கவில்லை, அன்றும் சமர்த்தாக எழுந்தது. வேலை நாளில் மட்டும் சாகும். "அதுக்கும் லீவு நாள் தெரியுது பாரு" என்றாள் அம்மா.

சிரிக்கிற விஷயமாக அது நீடிக்கவில்லை. அங்கே மாமா தினமும் ஓடிவந்து, அணைந்த பெயரைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். கிடைத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கேட்டார்: என்மேல் கோபமா, பேசப் பிடிக்கவில்லையா? அக்கா பதிலுக்குக் கேட்டாள்: நீ உண்மையாகவே தினமும் வருகிறாயா? இரண்டு பேருடைய கைகளும் வேகமாகிவிட்டன. கைப்பேச்சில் சண்டை நடந்தால் வீட்டில் சத்தமே இருக்காது, வளையல் சத்தத்தைத் தவிர. அன்றைக்கு அந்த வளையல் சத்தத்தை அடுக்களையிலிருந்து நானும் அம்மாவும் கேட்டுக்கொண்டிருந்தோம். அக்கா மெஷினில் உட்கார்ந்தாலும் தையல் கோணிக்கொண்டு போயிற்று. பெரியம்மாவின் வாயசைவு அவளுக்குள் வேலை செய்ய ஆரம்பித்திருந்தது.

ஒருநாள் காலையில் டிபன் பாக்ஸை மறந்துவிட்டுப் பாதித் தெருவிலிருந்து திரும்பினேன். அக்கா கடை திறக்க முன்னால் போயிருந்தாள். அம்மா வாசலில் முக்காலி போட்டு ஏறி, மீட்டர்ப்பெட்டிக்குள் கையை விட்டு, மெயினை இறக்கிக்கொண்டிருந்தாள். வருஷக்கணக்காகப் பார்த்த காட்சி. அன்றைக்குத்தான் அது என் கண்ணில் பட்டது. லேசான தூக்கத்திலும் லேப்டாப்புக்குக் கொஞ்சம் கரண்ட்டு வேண்டும். கிழட்டு பேட்டரி மதியம் வரை தாங்காது. திரும்பி வந்தவுடன் அம்மா மெயினை ஏற்றிவிடுவதால் யாருக்கும் தெரியவில்லை. "அம்மா, அத சாவடிக்கிறதே நீதாம்மா" என்றேன். அவள் முக்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, நானாடி? எம் பொண்ணு வாயக் கட்டுனது நானா?"

அவளே கடைக்குப் போய் அக்காவிடம் சொன்னாள். இடது உள்ளங்கையை நெஞ்சில் வைத்து, நான் என்று காட்டினாள். பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்கி, முஷ்டி பிடித்து, இடுப்பு வரை இழுத்தாள். அக்கா ஒரு கணம் விழித்தாள். பிறகு மெஷின்மேல் சாய்ந்துகொண்டு அப்படிச் சிரித்தாள், அளவு கொடுக்க வந்தவர்கள் பயந்துபோனார்கள். தூரத்தில் இருப்பவன் மாறிவிட்டான் என்று நினைத்துக்கொண்டிருந்தவளுக்குக் குற்றவாளி வீட்டிலேயே முக்காலி போட்டு நின்றது எவ்வளவு பெரிய நிம்மதி என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அம்மாவை நான் கேட்டேன்: ஒரு மெயினை இறக்காமல் போனால்தான் என்ன? அவள் முயன்று பார்த்தாள். மறுநாள் கடை வரைக்கும் போய், மூச்சு வாங்கத் திரும்பி ஓடிவந்து இறக்கிவிட்டாள். "முடியலடி. அந்த வீடு எரிஞ்ச நாத்தம் மூக்குலயே நிக்குது" என்றாள். அதற்குமேல் நான் கேட்கவில்லை.

அப்போதுதான் சொல்தா படித்த இரண்டாவது தூக்கம் ஞாபகம் வந்தது. கம்பெனிக்கு வந்த அதே பழுது பார்ப்பவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். அந்தத் தூக்கத்தில் லேப்டாப் தன் நெஞ்சில் திறந்திருப்பதையெல்லாம் அப்படியே உள்ளேயிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, முழுசாக அணைந்துவிடும். சொட்டுக் கரண்ட்டு வேண்டாம். மெயினை இறக்கினாலும் ஒயரைப் பிடுங்கினாலும் கவலை இல்லை. எழுவதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், ஆனாலும் பழைய முனகலோடு ஒப்பிட்டால் எவ்வளவோ தேவலை. எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். மூடியைச் சாத்தினால் அந்தத் தூக்கத்துக்குப் போகும்படி மாற்றி வைத்தேன். அம்மாவுக்கு விளக்கியபோது அவள் பாஷையில் பெயர் வைத்துவிட்டாள்: "அப்போ மொதல்ல இருந்தது கோழித்தூக்கம். இது அடிச்சுப்போட்ட தூக்கம்." கோழித்தூக்கத்தில் பாதிக் கண் திறந்திருக்கும், அடித்துப்போட்டாற்போலத் தூங்குகிறவனுக்கு வீடு இடிந்தாலும் தெரியாது. இதைவிட நல்ல விளக்கத்தை நான் இன்றுவரை எங்கும் படித்ததில்லை. மாமாவின் அரை மணியில் பாதிக்குமேல் அக்காவுக்குத் திரும்பக் கிடைத்தது.

கூடவே ஒரு விஷயத்தை அக்கா கண்டுபிடித்தாள். பேசிக்கொண்டிருக்கும்போதே மூடியைச் சாத்திவிட்டால், மறுநாள் திறந்ததும், இணைப்பு போய்விட்டது என்று அதற்கு உறைக்கும் முன்னால், சில நொடிகள் மாமாவின் முகம் நேற்று விட்ட இடத்திலேயே தெரியும். வாயில் சோற்றோடு, அல்லது சிரித்தபடி, அல்லது கையைப் பாதி தூக்கியபடி. மூலையில் சின்னக் கட்டத்தில் நேற்றைய அக்கா. பிறகு கலைந்து சாம்பல் நிறமாகிவிடும். அந்தச் சில நொடிக்காக அக்கா போய்வருகிறேன் என்று சொல்வதையே விட்டுவிட்டாள். அவர் எழுந்துகொள்ளும் முன்னால் மூடியைச் சாத்துவாள். "உங்க அக்கா மூஞ்சி மேலயே கதவ சாத்துறா" என்று மாமா என்னிடம் புகார் சொன்னார், சந்தோஷமாக.

இத்தனைக்கும் நடுவில் அம்மா ஒருநாளும் கேமராவுக்கு முன்னால் வந்ததில்லை. மூடிக்குப் பின்பக்கம் நின்றுகொண்டு அக்காவின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பாள். மாப்பிள்ளை தூரத்திலிருந்து "அத்தை, வாங்க" என்று கூப்பிட்டால், "எம் மூஞ்சிய எதுக்கு அவ்ளோ தூரம் அனுப்பணும்?" என்பாள். போட்டோவுக்கும் அப்படித்தான், கல்யாண ஆல்பத்தில்கூட அம்மாவின் முதுகுதான் அதிகம். ஆனால் அக்காவுக்கு விசா வந்து, கிளம்புவதற்கு முதல்நாள், கடைசியாக அந்த லேப்டாப்பில் பேசினார்கள். அங்கே புதிதாக ஒன்று இருக்கிறது, இந்தக் கனத்தைத் தூக்கிவராதே என்று மாமா சொல்லியிருந்தார். நான் லீவு போட்டுவிட்டு அடுக்களை வாசலில் நின்றிருந்தேன். அம்மா திடீரென்று என்னைத் தாண்டிப் போய் அக்காவின் பின்னால் நின்றாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. கையை உயர்த்தினாள். மாப்பிள்ளைக்கு டாட்டா காட்டுகிறாள், நல்லதுதான் என்று நினைத்தேன். அதே கணத்தில் அக்கா அழுதுகொண்டே மூடியைச் சாத்திவிட்டாள். பின்னால் அம்மா நிற்பதே அவளுக்குத் தெரியாது. அம்மா தூக்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மெல்ல இறக்கி, தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். அன்றைக்கே புடவையைக் கிழித்துச் சுற்றி மேல்தட்டில் வைத்துவிட்டாள். "தூங்கட்டும். எழுப்பாத" என்றாள்.

அதன்பிறகு தவணையில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி அக்காவோடு பேசினோம். இப்போது அம்மா அதன் முன்னால் உட்கார்ந்தாள். வேறு வழி இல்லை, கை தெரிய வேண்டுமே. ஆனால் அதையெல்லாம் யாரும் படம்பிடித்து வைக்கவில்லை. கூடவே வேறொன்றும் நடந்தது. அம்மா வெளியே போனால் மெயினை இறக்க மறந்துவிட ஆரம்பித்தாள். பூட்டை இழுத்துப் பார்ப்பாள், தெருவில் இறங்குவாள், ஒருதடவை திரும்பி மீட்டர்ப்பெட்டியைப் பார்ப்பாள், போய்விடுவாள். "இன்னாம்மா, உன் சட்டம் இன்னா ஆச்சு?" என்று கேலி செய்வேன். "வயசாவுதுல்ல, மறந்துடுது" என்பாள். நானும் நம்பினேன். கடைசி வரைக்கும் அப்படித்தான் இருந்தாள்.

அம்மா போனபிறகு அக்கா போனில் முகம் காட்டி என்னிடம் ஒன்றே ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டாள்: அம்மா கையால் பேசுகிற மாதிரி ஏதாவது இருக்கிறதா? அங்கே அவள் பேசுவது பிரெஞ்சுக்காரர்களின் கைமொழி. அம்மாவின் கைமொழி தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் மாமாவையும் சேர்த்து நாங்கள் மூன்று பேர்தான் மிச்சம். எனக்கு மேல்தட்டு ஞாபகம் வந்தது. அந்தச் சின்னக் கட்டத்தில் அம்மா இருப்பாள். ஆனால் திறந்தால் சில நொடிதான். அது ஒருமுறை விழித்துவிட்டால் பழைய தூக்கம் கலைந்து போகும். அதனால் நீ வா, சேர்ந்து திறக்கலாம் என்று சொல்லி வைத்திருந்தேன்.

மூடியைத் திறந்து ஒயரைச் செருகினேன். பொத்தானை அழுத்தினேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்து நின்றுவிட்டது. மகள் குனிந்து படித்தாள்: "தேதி மறந்துடுச்சாம் சித்தி. ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லுது." அழுத்தினேன். ஒரு கோடு மெல்ல நிறைந்துகொண்டே போயிற்று. மகள் போனை உயர்த்திப் பிடித்துப் படமெடுக்கத் தயாரானாள். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

வந்தது. பெரிய கட்டத்தில் மாமா, தலை நிறைய முடியோடு, கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தபடி. மூலைக் கட்டத்தில் குனிந்து அழுகிற அக்கா. அவளுக்குப் பின்னால் அம்மா. கேமராவை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது உள்ளங்கை நெஞ்சில் இருந்தது. வலது கை தலைக்கு மேலே, முஷ்டி பிடித்தபடி, உயரத்தில் நின்றது. அக்கா திரையின்மேல் குனிந்துவிட்டாள். பிறகு பார்த்தபோது மகள் எடுத்த படத்தில் அக்காவின் தோள்தான் இருந்தது. நிமிர்வதற்குள் எல்லாம் சாம்பலாகி, தொடர்பு போய்விட்டது என்று பிரெஞ்சில் ஒரு வரி நின்றது.

"ஆயா இன்னா சொன்னாங்க?" என்றாள் மகள். அக்கா எங்கள் பக்கம் திரும்பி அதைச் செய்து காட்டினாள். இடது கை நெஞ்சில்: நான். வலது முஷ்டி தலைக்கு மேலே. அங்கேயே வைத்திருந்தாள், கீழே இழுக்கவில்லை. மெயினை இறக்க மாட்டேன். நீ எப்போது கூப்பிட்டாலும் வீடு விழித்திருக்கும். பிறகு அக்கா என்னைப் பார்த்தாள், அப்படியா நடந்தது என்று கேட்பதுபோல. எரிந்த வீட்டின் நாற்றத்தை மூக்கில் வைத்துக்கொண்டு, தெருவில் இறங்கி, ஒருதடவை திரும்பிப் பார்த்துவிட்டுப் போன அம்மாவை நான் நினைத்துக்கொண்டேன். வயதாகிறது என்று நம்பினேனே. என் வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி முஷ்டி பிடித்தேன். ஆமாம், கடைசி நாள் வரைக்கும் என்று அக்காவுக்குச் சொன்னேன்.

சாயங்காலம் மூவரும் கடற்கரைக்குக் கிளம்பினோம். அக்கா லேப்டாப்பின் மூடியைச் சாத்தவில்லை. திறந்தபடியே மேசையில் விட்டுவிட்டாள். நான் கதவைப் பூட்டி, பூட்டை இழுத்துப் பார்த்து, அம்மா போனபிறகு எனக்கு ஒட்டிக்கொண்ட பழக்கத்தில் மீட்டர்ப்பெட்டிப் பக்கம் கையைத் தூக்கினேன். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். தூக்கிய கையை அப்படியே இறக்கி, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.